சோப்புப் பெட்டியில் ஒரு பெயர்

முகத்தில் பூசிக்கொள்ளும் களிம்போடு தர்மத்தையும் குழைத்து விற்கிற காலம் இது. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தர்மம் எந்த டப்பியில் வந்தால் என்ன, போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ந்தால் சரி என்று நினைக்கிறவன்தான் நான். ஆனால் டப்பியின் மேல் இருப்பது யாருடைய கைவேலை, அதன் அடியில் இருப்பது யாருடைய பெயர், நடுவில் புண்ணியக் கணக்கு யார் பேரில் ஏறுகிறது என்ற மூன்று கேள்விகள் கொஞ்ச நாளாக என்னைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதற்குக் காரணம் என் தங்கை மகன். அவன் சமாசாரம் பின்னால் வருகிறது.

முதலில் டப்பி. மெல்போர்னில் குடியிருக்கும் என் அண்ணன் மகள், குழந்தைக்குக் காது குத்துவதற்காகப் பெரம்பலூர் வந்திருந்தாள். வந்தவள் தன் சித்திக்கு ஒரு முகக் களிம்பு கொண்டுவந்து கொடுத்தாள். மூடி முழுவதும் புள்ளிகள். காவி, மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று வட்டம் வட்டமாகச் சுற்றிப் போகிற புள்ளிகள். அந்த நாட்டு ஆதிகுடிப் பெண் ஒருத்தி வரைந்தது என்றும், விற்பனையில் ஒரு பங்கு அங்கே குழந்தைகளுக்குப் புத்தகம் வாங்கப் போகிறது என்றும் விளக்கினாள். என் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "களிம்பு தீர்ந்ததும் குங்குமம் போட்டு வைக்கலாம்" என்றாள். கலைக்கு இதைவிடப் பெரிய பாராட்டை எங்கள் வீட்டில் நான் கேட்டதில்லை. என் நாவல்களுக்கு இது கிடைத்ததே இல்லை.

அந்தப் புள்ளிகள் வெறும் அலங்காரம் அல்ல. வட்டம் ஒரு நீர்ச்சுனையாக இருக்கலாம். கோடு மூதாதை நடந்துபோன வழியாக இருக்கலாம். எந்தக் கதையை யார் வரையலாம் என்பதற்கு அவர்களிடம் உரிமை உண்டு. நம் ஊர்க் கோயிலில் மூன்றாம் நாள் மண்டகப்படி இன்ன குடும்பத்துக்கு என்று இருக்கிறதே, அதைப் போல. காசு இருக்கிறது என்பதற்காக வேறொருவன் வந்து அந்த நாளை எடுத்துக்கொள்ள முடியுமா? ஊர் விடுமா?

ஆனால் வெளியூர்க்காரனுக்கு மண்டகப்படி தெரியாது. 1966-ம் வருஷம் பிப்ரவரி 14-ந் தேதி ஆஸ்திரேலியா பவுன், ஷில்லிங்கைக் கைவிட்டு டாலருக்கு மாறியது. புதிய ஒரு டாலர் நோட்டின் பின்பக்கத்தில் ஒரு மரப்பட்டை ஓவியத்தை எடுத்து அச்சிட்டிருந்தார்கள். 'யாரோ ஒரு ஆதிவாசி, எப்போதோ வரைந்தது' என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. வரைந்தவரோ வடக்கே ஆர்ன்ஹெம் லாண்டில் திடகாத்திரமாக உயிரோடு இருந்தார். அவர் பெயர் டேவிட் மாலாங்கி. குர்மிரிங்கு என்ற மூதாதை வேட்டைக்காரனின் சாவுச் சடங்கை அவர் வரைந்திருந்தார். அது அவர் குலத்துக்குச் சொந்தமான கதை. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் நோட்டைப் பார்த்து, இது நம் மாலாங்கி வரைந்ததல்லவா என்று அடையாளம் கண்டு சொன்ன பிறகுதான் ரிசர்வ் வங்கி விழித்துக்கொண்டது. வங்கியின் கவர்னராக இருந்த கூம்ஸ், மாலாங்கிக்கு 1000 டாலரும், ஒரு பதக்கமும், மீன் பிடிக்கிற சாமான்களும் கொடுத்தார். ஒரு தேசம் முழுவதும் அவருடைய ஓவியத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தது. அதை யாரும் அவரிடம் கேட்டு எடுக்கவில்லை.

ஆல்பர்ட் நமட்ஜிராவின் கதை இன்னும் நீளம். 1902-ல் பிறந்து 1959-ல் இறந்த அரண்டா குலத்து ஓவியர். நீர்வண்ணத்தில் மத்திய ஆஸ்திரேலியாவின் மலைகளையும் வெள்ளைத் தண்டு மரங்களையும் தீட்டியவர். அவர் படங்களின் அச்சு இல்லாத வீடு அந்த நாட்டில் ஒரு காலத்தில் அபூர்வம். அவர் காலமான பிறகு, 1983-ல், சொத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அரசாங்க அதிகாரி ஒருவர் படங்களின் பதிப்புரிமையை ஒரு பதிப்பகத்துக்கு 8,500 டாலருக்கு விற்றுவிட்டார். பேரன் பேத்திகள் தாத்தாவின் படத்தைத் தாங்களே அச்சிட முடியாது என்று ஆயிற்று. அந்த உரிமை குடும்பத்துக்காக அமைத்த அறக்கட்டளைக்குத் திரும்பி வர 2017 வரை ஆயிற்று. திரும்பி வந்த விலை 1 டாலர். ஒரு டாலருக்குக் கொடுக்க முடிகிற பொருளைக் கொடுக்க முப்பத்துநாலு வருஷம் ஏன் ஆயிற்று என்று யாராவது கணக்குப் படித்தவர்கள்தான் சொல்லவேண்டும்.

இந்தக் கதைகளைப் படித்த பிறகு அண்ணன் மகளின் டப்பியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வரைந்தவள் பெயர் இருந்தது. அடிப்பக்கத்தில், விலைக்குப் பக்கத்தில், என் மூக்குக் கண்ணாடிக்கும் சவாலாக இருக்கிற பொடி எழுத்தில் இருந்தது. அவள் எந்தக் குலம் என்பதும் போட்டிருந்தது. ஆக, 1966-க்கும் இன்றைக்கும் நடுவே உலகம் ஒரு டப்பியின் உயரம் நகர்ந்திருக்கிறது. அதுவும் பெரிய தூரம்தான். மறுக்கவில்லை.

ஆனால் எனக்குள் ஒரு உறுத்தல். ரவீந்திரநாத் தாகூர் ஒரு காலத்தில் கோத்ரெஜ் சோப்புக்கு விளம்பரத்தில் பெயர் கொடுத்தார். சுதேசிச் சோப்பு என்பதால் கொடுத்தார். அந்த விளம்பரத்தில் விற்பனையானதே அவர் பெயர்தான். தாடி பெரிதாக, பெயர் பெரிதாக, சோப்பு சின்னதாக. மகாகவி சோப்புக்குக் கருணை காட்டினார் என்று எல்லோருக்கும் புரிந்தது. ஆதிகுடிக் கலைஞர் ஒருவர் அதே காரியத்தைச் செய்தால் மட்டும் காட்சி தலைகீழாகிவிடுகிறது. சோப்பு அவருக்குக் கருணை காட்டியதாக ஆகிவிடுகிறது! கொடுத்தவள் அவள். கோடு அவளுடையது, புள்ளி அவளுடையது, பாட்டி வழியாக வந்த கதை அவளுடையது. வாங்கியவன் கம்பெனிக்காரன். ஆனால் விளம்பரத்தைப் படித்து முடிக்கும்போது கொடுத்தவன் அவன், வாங்கியவள் அவள். இந்த மாயம் எந்த வரியில் நடக்கிறது என்று நான் பல தடவை தேடியிருக்கிறேன்.

இங்கிலாந்தில் 1976-ல் பிரைட்டன் என்ற ஊரில் அனிதா ரோடிக் என்ற அம்மையார் தொடங்கிய பாடி ஷாப் என்ற கடையை நம்மில் பலர் அறிவார்கள். 'உதவி வேண்டாம், வியாபாரம் செய்வோம்' என்பது அவர் கொள்கை. பிரேசில் காட்டில் வாழும் கயாப்போ மக்களிடம் கொட்டை எண்ணெய் வாங்கித் தலைக்குத் தடவும் சரக்குச் செய்தார். எண்ணெய்க்கு நல்ல விலை கொடுத்தார் என்றே சொல்கிறார்கள். ஆனால் 1990-களில் சிலர் ஒரு சங்கடமான கேள்வி கேட்டார்கள். கடையில் அந்த மக்களின் எண்ணெய் கொஞ்சம். அவர்களுடைய முகம் நிறைய. எண்ணெய்க்கு விலை கொடுத்தீர்கள், முகத்துக்கு என்ன கொடுத்தீர்கள் என்பதுதான் அந்தக் கேள்வியின் சாரம்.

இதே கடைக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்பது எனக்குப் பிடித்த விஷயம். 1987-லேயே நம் தெற்குச் சீமையிலிருந்து பாதத்தை உருட்டி வலி போக்குகிற மர உருளைகளை அவர்கள் வாங்க ஆரம்பித்தார்கள். பின்னால் மதுரைக்குப் பக்கத்துத் திருமங்கலத்தில் டெடி எக்ஸ்போர்ட்ஸ் என்ற நிறுவனம் வேரூன்றி, மரச் சாமானும் துணிப் பையும் செய்து அனுப்பியது. அந்த வருமானத்தில் பள்ளிக்கூடமும் வைத்தியமும் நடத்தியது. இங்கே யாருடைய முகத்தையும் காட்டிக் காசு கேட்கவில்லை பாருங்கள். உருளைக்கு விலை, கடைசல்காரனுக்குக் கூலி, மிச்சத்தில் பள்ளிக்கூடம். அந்த வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது. லண்டன் கடை அதன் பிறகு 2006-ல் ஒரு கை, 2017-ல் இன்னொரு கை, 2023 கடைசியில் மற்றொரு கை என்று மாறி, 2024 பிப்ரவரியில் அதன் பிரிட்டிஷ் கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போயிற்று. முதலாளி மாறினால் முதலாளியின் தர்ம சிந்தனையும் மாறலாம். கூலி அப்படியில்லை. அது கடன். கடனை வாசலில் போய் நின்று கேட்கலாம். தர்மத்தை அப்படிக் கேட்க முடியாது.

இந்த விஷயத்தை அரியலூரில் எனக்கு வேண்டிய ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடம் சொன்னேன். (பெரம்பலூரும் அரியலூரும் முப்பது கிலோமீட்டர் சொச்சம் தள்ளியிருக்கிற ஊர்கள். 1995-ல் திருச்சி ஜில்லாவிலிருந்து ஒன்றாகப் பிரிந்தன. 2001-ல் தனிக்குடித்தனம் போயின. 2002-ல் மறுபடி சேர்ந்தன. 2007-ல் மறுபடி பிரிந்தன. இந்த ஜோடியைப் பற்றி எழுத ஒரு நாவல் பாக்கியிருக்கிறது.) ஆசிரியர் சிரித்தார்.

"பெயர் போட்டுக்கறதே மேல்நாட்டு வியாதி சார். நம்ம கங்கைகொண்ட சோழபுரத்துல சண்டேசருக்குச் சிவபெருமான் தன் கையாலே பூமாலை சுத்தற சிற்பம் இருக்கே, செஞ்சவன் பேர் எங்கேயாவது இருக்கா? அவன் கேட்டானா?"

அந்தச் சிற்பத்தின் முன்னால் நான் பலமுறை நின்றிருக்கிறேன். அடியவனுடைய தலையில் மாலை சுற்றும் அந்த விரல்களின் கவனம் மனிதனை ஊமையாக்கிவிடும். செய்தவன் பெயர் எனக்குத் தெரியாது. அவன் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கோயிலைக் கட்டிய ராஜேந்திரனின் தகப்பன் தஞ்சாவூரில் என்ன செய்தான்? தான் கொடுத்ததையும், அக்கா கொடுத்ததையும், மனைவிமார் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் ஒன்று விடாமல் கல்லில் வெட்டச் சொன்னான். கோயிலில் ஆட வந்த 400 பெண்களை 'நானூறு ஏழைப் பெண்களுக்கு வாழ்வளித்தோம்' என்று அவன் எழுதவில்லை. ஒவ்வொருத்தி பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள் என்பதும், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, வருஷத்துக்கு நூறு கலம் நெல் என்பதும் இருக்கிறது. குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சனின் பெயரும் அங்கே இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கருங்கல்லில் உளியால் செய்ய முடிந்ததை அட்டைப் பெட்டியில் மையால் செய்ய முடியாதா?

ஆசிரியர், "நீங்க கதை எழுதறவர், உங்ககிட்டே வாதம் பண்ணக்கூடாது" என்று காப்பி வரவழைத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் வாதத்தில் தோற்றவர்கள் காப்பி வாங்கிக் கொடுப்பது வழக்கம். ஜெயித்தவர்களும் சிலசமயம் வாங்கிக் கொடுப்பார்கள்.

பெரம்பலூர் பக்கம் அரும்பாவூர் என்று ஒரு ஊர். பச்சைமலை அடிவாரம். வாகையிலும் வேம்பிலும் மாமரத்திலும் சுவாமி விக்கிரகமும் வாகனமும் தேர்ச் சிற்பமும் செதுக்குகிறவர்கள் இருக்கிற ஊர். அந்த மரச் சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு வேறெங்கோ செய்ததை அரும்பாவூர்ச் சிற்பம் என்று சொல்லி விற்க முடியாது. நல்ல காரியம். ஆனால் அந்தக் குறியீடு காப்பாற்றுவது ஊரின் பெயரை. உளி பிடித்தவனுடைய பெயர் அதில் வராது. ஊர்ப் பெயரே இல்லாத கலைஞர்கள் என்ன செய்வார்கள்?

எங்கள் பஸ் ஸ்டாண்டிலேயே இருக்கிறார்கள். பாசி மணி விற்கிற நரிக்குறவர்கள். பெரம்பலூரில் மலையப்ப நகரிலும், எறையூரிலும் அவர்களுக்குக் குடியிருப்பு உண்டு. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் கமிட்டி 1965-ல் சொன்னது. பார்லிமெண்டு சட்டம் செய்தது 2022 டிசம்பரில். அமலுக்கு வந்தது 2023 ஜனவரியில். அதுவரை அவர்களை ஆதிகுடி என்று சினிமாவுக்குத் தெரிந்திருந்தது, சர்க்காருக்குத் தெரியவில்லை. அவர்கள் கோக்கும் மணிமாலையைக் கலை என்று நாம் யாரும் சொன்னதில்லை. பஸ் கிளம்புகிற அவசரத்தில் ஐம்பது ரூபாய் சொன்னதை இருபதுக்குக் கேட்போம். அவ்வளவுதான் நம்முடைய விமரிசனம்.

இனி என் தங்கை மகன். அரியலூரில் சிமெண்டு ஆலை ஒன்றில் கணக்கு வேலை பார்த்தான். ஊரெல்லாம் சுண்ணாம்புக்கல் தூசி. இந்த ஊரில் சோப்பு விற்காவிட்டால் வேறெங்கே விற்கும் என்று ஒரு நாள் அவனுக்குத் தோன்றியது. வேலையை விட்டான். தேங்காயெண்ணெயும் வேப்பெண்ணெயும் ஆவாரம்பூப் பொடியும் சேர்த்துச் சோப்பு செய்கிறான். முறையாக லைசென்ஸ் வாங்கியிருக்கிறான். சோப்பும் நல்ல சோப்புத்தான்; நான் மாமன் என்பதற்காகச் சொல்லவில்லை, மாமன் என்பதால் எனக்கு இலவசமாகக் கிடைக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. அவன் அந்த மெல்போர்ன் டப்பியைப் பார்த்துவிட்டான்.

"மாமா, இதே மாதிரி நம்ம நரிக்குறவங்க பாசி டிசைனைப் பெட்டியிலே போட்டா எப்படி இருக்கும்? லாபத்துலே அஞ்சு பர்சென்ட் அவங்க பிள்ளைங்க படிப்புக்கு. நீங்க கூட வாங்க. நீங்க பேசினா கேப்பாங்க."

நான் பேசினால் என் வீட்டிலேயே யாரும் கேட்பதில்லை. இருந்தாலும் போனேன். எறையூர்ச் சர்க்கரை ஆலையில் கரும்பு அரைக்கிற காலம். காற்றில் பாகு நெடி. குடியிருப்பில் ஒரு வீட்டுத் திண்ணையில் வயதான அம்மாள் ஒருவர் குறடால் கம்பியை வளைத்து மணி கோத்துக்கொண்டிருந்தார். அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. சோப்புப் பெட்டிக்குத்தான் அவர் சம்மதம் கொடுத்தார். கட்டுரைக்கு நான் கேட்கவில்லை. பக்கத்தில் அவர் பேத்தி. பெரம்பலூரில் பி.காம். முதல் வருஷம். சாதிச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு கல்லூரிக்குப் போனவள்.

என் மருமான் பெட்டிக்கென்று ஒரு வாசகம் எழுதி வைத்திருந்தான். 'நலிந்த நாடோடிப் பெண்களின் வாழ்வில் ஒளியேற்ற எங்கள் எளிய முயற்சி' என்று அழகாகக் கம்ப்யூட்டரில் அடித்திருந்தான். அந்தப் பெண் அதை வாங்கிப் படித்தாள். நிதானமாக இரண்டு தடவை படித்தாள்.

"இதுலே பாட்டி பேர் எங்கே சார்?"

"அது... பொதுவா உங்க சமூகத்துக்குன்னு..."

"நலிந்தன்னா?"

மருமான் என்னைப் பார்த்தான். எழுத்தாளனிடம் அர்த்தம் கேட்கிற சமயம் இதுதான் என்று நினைத்தானோ என்னவோ. நான் மணி கோக்கிற குறடைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் காதில் சொருகியிருந்த பேனாவை எடுத்து அந்த ஒரு சொல்லை அடித்தாள். பிறகு 'நாடோடி'யை அடித்தாள். "நாங்க இங்கே வீட்டு வரி கட்டறோம் சார்" என்றாள். பிறகு 'ஒளியேற்ற' என்பதற்கு வந்து, மேலே தொங்கிய பல்பை ஒரு தடவை பார்த்துவிட்டு, அதையும் அடித்தாள். மிஞ்சியது 'பெண்களின் வாழ்வில் எங்கள் எளிய முயற்சி'. அது ஒன்றும் அர்த்தமாகவில்லை என்பதால் காகிதத்தையே மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கிழவி இதையெல்லாம் கவனித்ததாகத் தெரியவில்லை. மணியை எண்ணிக்கொண்டே கேட்டார்: "சாமி, லாபத்துல அஞ்சுன்னு சொன்னியே. எனக்கு நீ தர்மம் பண்ணப்போறியா, இல்ல நான் பண்ணப்போறனா?"

"ரெண்டு பேரும் சேர்ந்துதாம்மா."

"சேர்ந்துன்னா ரெண்டு பேர் கையிலயும் காசு இருக்கணும்ல? உன் கையில இருக்குது. என் கையில பாசிதான் இருக்குது. பாசிக்குக் கூலியக் குடு. அப்பால நானும் குடுக்கறேன், நீயும் குடு."

"லாபம் வரலேன்னா அஞ்சு பர்சென்ட் எவ்வளவு சார்?" என்றாள் பி.காம்.

லாபம் என்பது கணக்குப்பிள்ளையின் பேனா முனையில் குடியிருக்கும் ஒரு தேவதை. வேண்டும்போது வரும், வேண்டாதபோது மறையும். இது என் மருமானைவிட வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்? அவன் முகம் சிவந்தது. கெட்டவன் அல்ல அவன். அதுதான் இந்த விஷயத்தின் சிக்கலே. கெட்டவன் எவனும் ஐந்து பர்சென்ட் கொடுக்க எறையூர் வரை பஸ் ஏறி வரமாட்டான். நல்ல எண்ணத்தோடு வருகிறவனுக்குத்தான் எதிராளியும் கொடுக்கக்கூடியவர் என்பது தோன்றுவதே இல்லை.

அந்த அம்மாள் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டில் நினைவு தப்பிய ஒரு கிழவி படுத்திருப்பாள். யார், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தினம் நாலு இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் இவர் கடை விரிக்கிறார். "எத்தினி வருசமா?" என்று கேட்டதற்கு, "அதுக்கு ரசீதா வச்சிருக்கேன்?" என்றார்.

அதன் பிறகு பேச்சு வேறு மாதிரி நடந்தது. எந்த மாலையின் வடிவம் என்று கேட்டபோது மருமான் சுவரில் மாட்டியிருந்த ஒன்றைக் காட்டினான். சிவப்பும் கறுப்பும் நடுவே பளிங்குமாக மூன்று சரம். எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. கிழவி தலையாட்டி மறுத்தார். "அது எங்கம்மா கோத்தது. எங்கூட்டுப் பொண்ணு கண்ணாலத்துக்குத்தான் எடுப்போம். அதச் சோப்புக்கெல்லாம் குடுக்கமாட்டேன்." மண்டகப்படி! நான் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து கொட்டி, மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு சரத்தைத் தேர்ந்தெடுத்தார். "ஆவாரம்பூன்னியே, இதான் சரியா இருக்கும்." இருந்தது.

போட்டோ வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மருமான் எவ்வளவோ கெஞ்சினான். முகம் இருந்தால் ஜனங்களுக்கு மனசு இளகும் என்றான்.

"பொட்டியக் கிளிச்சு எங்க போடுவாங்க?"

"குப்பையிலேதான்."

"என் மூஞ்சி குப்பையில கெடக்கணுமா சாமி?"

"அப்போ பேரு?"

"பேரு கெடந்தாப் போவுது. அது எளுத்துதான?"

என் புத்தகங்கள் பழைய பேப்பர்க் கடையில் எடைக்குக் கிடப்பதைப் பார்த்திருக்கிற எனக்கு அந்தப் பதில் பெரிய ஆறுதலாக இருந்தது.

பேத்தி ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். வடிவத்துக்குக் கூலி பத்தாயிரம் ரூபாய், பெட்டி அச்சுக்குப் போவதற்கு முன்னால். ஐயாயிரம் பெட்டிக்குத்தான் இந்தக் கூலி. ஆறாவது ஆயிரத்துக்கு மறுபடி வந்து பேச வேண்டும். எண்ணெய்க்கோ பவுடருக்கோ அதே வடிவத்தைப் போடுவதென்றால் கேட்டுத்தான் போட வேண்டும். பெயர் பெட்டியின் முன்பக்கத்தில், சோப்பின் பெயருக்குக் கீழே, கண்ணாடி போடாமல் படிக்கிற அளவில். தர்மத்துக்கு லாபத்தில் அல்ல, விற்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு ரூபாய். அது யாருக்குப் போகிறது என்பதைப் பாட்டியும் சோப்புக்காரரும் சேர்ந்து முடிவு செய்வது. மருமான் ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தது அவன் உதட்டில் தெரிந்தது. பத்தாயிரத்தை எட்டாயிரமாக்கப் பார்த்தான். பஸ் ஸ்டாண்டில் முப்பது வருஷம் பேரம் பேசிய மனுஷியிடம் அது நடக்குமா?

எல்லாம் எழுதிக் கையெழுத்தும் ஆயிற்று. பாட்டியும் கையெழுத்தே போட்டார், மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. பேத்தி சொல்லிக் கொடுத்ததாம். நாங்கள் எழுந்திருக்கும்போது கிழவி மருமானின் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"சாமி, பொட்டி வந்ததும் இருவது சோப்பு கடனா குடுத்துட்டுப் போ. பாசியோட வச்சு வித்துத் தரேன். சோப்புக்கு எனக்கு எவ்வளவு தருவ?"

"பத்து ரூபாய் தரேம்மா."

"கடைக்காரனுக்கு எவ்வளவு தர்ற?"

மருமான் பதில் சொல்லவில்லை. கடைக்காரனுக்கு இருபது என்பது எனக்குத் தெரியும். பேத்தி மூடிய நோட்டைத் திரும்பவும் திறந்தாள். சாலையில் அரியலூர் போகிற பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது. "மாமா, நீங்க போய் இடம் பிடிங்க" என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி திண்ணையில் உட்கார்ந்தான்.